கேப்சர் கார்டும் கொசு மெஷினும்

என் தங்கைக்கு ஒரு இடத்தில் இருக்கத் தெரியாது. தன் கல்யாண மேடையிலேயே, மந்திரம் நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து நின்று, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தோழியிடம் ‘சாப்பிட்டியா’ என்று கையால் கேட்டவள் அவள். அப்படிப்பட்டவளைப் பார்த்து, அவள் குடியிருக்கும் சவுதி அல் கோபாரில் ஒரு டாக்டரம்மா, பிரசவம் வரைக்கும் படுத்தே இருக்க வேண்டும், பாத்ரூமுக்குத் தவிர எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். போன தடவை பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவையும் பாதி வழியில் சிக்கல் தலைகாட்டியிருந்தது.

அவள் வீட்டுக்காரருக்கு ஷிப்டு டியூட்டி. எங்கள் அம்மா முட்டி ஆபரேஷன் முடிந்து மன்னார்குடியில் தானே படுக்கையில் இருந்தாள். நான் ஷார்ஜாவில் ஒரு பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்கார்ந்து, வாய் வீங்கிய மனிதர்களுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு லீவு இல்லை. ஆக, கோபாரில் அந்தப் படுக்கையறையில் பகலெல்லாம் அவளும் ஏசியும்தான்.

“அக்கா, இன்னிக்கு ரெண்டு தடவ எந்திரிச்சு கிச்சனுக்குப் போயிட்டு வந்துட்டேன்” என்றாள் ஒருநாள் போனில்.

“எதுக்குடி?”

“சும்மாதான். குக்கர் இருக்கான்னு பாக்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு, டோக்கனுக்கு நின்ற ஒரு எகிப்துக்காரர் தனக்கு வலியே இல்லை என்பதுபோல் இரண்டடி பின்னால் போனார். கத்திவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகு பயமாக இருந்தது. இவளைக் கட்டிப்போட ஒரு கயிறு வேண்டும், அதுவும் ஷார்ஜாவிலிருந்து கோபார் வரைக்கும் எட்டுகிற கயிறாக வேண்டும் என்று தோன்றியது.

கயிறு எங்கள் ஹாலிலேயே டிவிக்குக் கீழே கிடந்தது. முந்தின வருஷம் அவள் விடுமுறைக்கு எங்களிடம் வந்தபோது, என் கேம் கன்சோலில் ஒரு பேய் மாளிகை விளையாட்டைத் தொடங்கியிருந்தோம். கையில் அரிக்கேன் விளக்கோடு ஒரு பெண் அறை அறையாகப் போவாள். ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒரு விடுகதை எழுதியிருக்கும். விடை சொன்னால் அடுத்த கதவு திறக்கும். தப்பாகச் சொன்னாலோ, நின்று யோசித்தாலோ, ஒற்றைக் கண் சமையல்காரப் பேய் ஒன்று ஆள் உயரக் கரண்டியோடு வந்து மண்டையில் போடும். எங்களுக்குள் வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. மூளை அவளுடையது, கை என்னுடையது. விடுகதையை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அவள் விடையைச் சொல்லிவிட்டு, எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறப்பாள். பாதியில் அவள் லீவு முடிந்துவிட்டது. அவள் இல்லாமல் நானும் அதைத் தொடவில்லை.

“மிச்சத்த விளையாடலாமா? நான் இங்க ஆடறேன், நீ படுத்துக்கிட்டே பாரு” என்றேன்.

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. “குதிக்காதடி!” என்று கத்தினேன்.

சொல்வது சுலபம். முதல் நாள், டிவிக்கு எதிரே ஸ்டூல் போட்டு, ஸ்டூல் மேல் அரிசி டப்பா வைத்து, டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக் காட்டினேன். டிவியில் டியூப்லைட்தான் பளிச்சென்று தெரிந்தது, பேய் தெரியவில்லை. போதாததற்கு என் கணவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, டீ டம்ளரோடு குறுக்கே போனார்.

“அக்கா, இப்ப போச்சே, அது புதுப் பேயா?”

“அது உங்க அத்தான்.”

அவள் சிரித்த சிரிப்பில் அவள் வீட்டுக்காரர் பதறிப்போய் போனை வாங்கிக்கொண்டார். “அண்ணி, வயிறு குலுங்குது, கொஞ்சம் பாத்து” என்றார் பாவம். அவர்தான் சொன்னார், இதற்கெல்லாம் கேப்சர் கார்டு என்று ஒன்று இருக்கிறது, கன்சோலிலிருந்து வருகிற படத்தை லேப்டாப்புக்குள் இழுத்துக் கொடுக்கும், அங்கிருந்து நெட்டில் விட்டால் டிவிக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரியே பார்க்கலாம் என்று.

கேப்சர் கார்டு வாங்குவது என்று முடிவானதும் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் தொழில்பேட்டையில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஸ்டோர் பார்க்கிறவர். எந்தப் பொருளையும் அவர் மூன்றே கேள்விகளால் அளப்பார். ஊருக்கு எடுத்துக்கொண்டு போனால் ஓடுமா? ஊரில் ரிப்பேர் செய்ய முடியுமா? பெட்டியில் எவ்வளவு கனம் இழுக்கும்? நாங்கள் இங்கே வாங்கிய மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, கட்டில் எல்லாமே இந்தத் தேர்வை எழுதிப் பாஸ் செய்தவை. பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கும். அதில் மாட்டிப் பார்க்காத பொருள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.

அவரை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். அழைத்துக்கொண்டு போனேன். ரோலா கடைத்தெருவில் எங்களுக்குப் பழக்கமான எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் கீழக்கரைக்காரர். வாய் நிறைய உபசாரம், கடை நிறையச் சாமான். ரெண்டுக்கும் நடுவே நாம்தான் நிதானமாக இருக்க வேண்டும்.

“வாங்க தங்கச்சி, வாங்க மாப்ளே. கேப்சர் கார்டா? மாஃபி முஷ்கில், எந்தப் பிரச்சினையும் இல்ல. சின்னது இருக்கு, பெருசு இருக்கு, கம்ப்யூட்டருக்குள்ள வச்சு முடுக்குறது இருக்கு. எல்லாம் ஒரே வேலதான் பாக்கும்.”

“ஒரே வேல பாத்தா எதுக்கு பாய் அத்தன வித்தியாசம்?” என்றேன்.

“பெட்டி அழகா இருக்கும்ல.”

நான் வீடியோக்கள் பார்த்துக் கொஞ்சம் படித்துக்கொண்டுதான் போயிருந்தேன். கம்ப்யூட்டருக்குள் பொருத்துவது நமக்கு ஆகாது, நம்முடையது லேப்டாப். பெரியதில், உள்ளே வருகிற படம் அப்படியே டிவிக்கும் தனியாகப் போகும், ஆடுகிறவருக்குத் தாமதம் இருக்காது. சின்னதில் அந்த வழி இல்லை, வந்த படம் லேப்டாப்புக்குள் போவதோடு சரி. இதையெல்லாம் விளக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், என் கணவர் பாக்கெட்டிலிருந்து கொக்கித் தராசை எடுத்துப் பெரிய பெட்டியை மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறார். கடைக்கு வந்திருந்த ஒரு பட்டாணியப் பையன் அதை போனில் படம் எடுத்தான்.

“இது கனம்” என்றார் தீர்ப்பாக. “அந்தச் சின்னது தராசுல ஏறவே இல்ல. அதையே எடுத்துக்குவோம்.”

“கார்கோவுலயா போடப் போறீங்க? வீட்டுல வைக்கதாங்க வாங்கறோம்!”

“இன்னிக்கு வீட்டுல வைப்போம். நாளைக்கு?”

வளைகுடாவில் குடியிருக்கிறவர் ‘நாளைக்கு’ என்று ஆரம்பித்தால் பதில் சொல்ல முடியாது. எல்லாருமே நாளைக்குப் போகப் போகிறவர்கள்தான், இருபது வருஷமாக. சின்னதை வாங்கிக்கொண்டு வந்தோம். விரல் நீளம்தான் இருந்தது, பேனா மூடி மாதிரி.

மாட்டினால் கருப்புத் திரை. சத்தம் கூட இல்லை. நான் கடைக்காரரைத் திட்டி, கணவரைத் திட்டி, அவருடைய தராசைத் திட்டி முடித்த பிறகு, தங்கை போனில் படுத்துக்கொண்டே தேடிக் கண்டுபிடித்துச் சொன்னாள். கன்சோல் தன் படத்தை யாரும் காப்பி எடுக்காமலிருக்க ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்குமாம், செட்டிங்ஸில் போய் அதைத் திறக்க வேண்டுமாம். திறந்தேன். லேப்டாப்பில் அரிக்கேன் விளக்கும் மாளிகையும் வந்தன. நானும் அவளும் ஒரே நேரத்தில் கூவினோம்.

படத்தை அனுப்புவதற்கும் வழி பிறந்தது. இங்கே வாட்ஸப்பில் செய்தி போகும், பேச்சுக்குத் தடை; நாங்கள் பேசுகிற வேறு ஆப்பில் திரையைப் பகிர வழியில்லை. அதனால் என் கணவரின் ஆபீஸ் மீட்டிங் ஆப்பில் ஒரு மீட்டிங் போட்டு, அதில் திரையைப் பகிர்ந்தோம். மீட்டிங்குக்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்டாக் ரிவ்யூ’. ஒருநாள் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு அவருடைய மேனேஜரே உள்ளே வந்துவிட்டார். கோட்டயத்துக்காரர், மரியாதையான மனிதர். கரண்டிப் பேய் என்னைத் துரத்துவதையும், இரண்டு பொம்பளைகள் தமிழில் அலறுவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஓகே, கேரி ஆன்” என்று சொல்லிவிட்டு வெளியேறினார். மறுநாள் கடையில் என் கணவரிடம், ஸ்டாக்கில் ஏதாவது பெரிய குறைவு இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாராம்.

ஆனால் ஆடுவது இருக்கிறதே, அதுதான் கூத்து. சின்ன கார்டில் டிவிக்கு வழி இல்லாததால் நானும் லேப்டாப்பைப் பார்த்தே ஆட வேண்டும். அதில் படம் தாமதமாகத்தான் வரும். தாண்ட பட்டனை அமுக்கினால், நான் அமுக்கிவிட்டு மூக்கைச் சொறிந்த பிறகுதான் அரிக்கேன்காரி தாண்டுவாள். அதற்குள் பள்ளம் வந்திருக்கும். கோபாருக்கு அது இன்னும் தாமதமாகப் போகும். நான் செத்து, கரண்டியால் அடிவாங்கி, பழைய அறையில் மறுபடி எழுந்து நிற்கும்போதுதான், “அக்கா, பின்னால! பின்னால! ஓடு!” என்று அவள் குரல் வரும்.

“செத்து ரொம்ப நேரமாச்சுடி.”

“ஐயோ, எப்ப?”

“நீ ஓடச் சொல்றதுக்கு முன்னாடியே.”

சிரித்து சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரிக்கப் பழகிக்கொண்டாள். சாயங்காலம் நான் டியூட்டி முடிந்து வருகிற நேரம் பார்த்து, தலையணையைச் சரிசெய்துகொண்டு காத்திருப்பாள். ஆட்டம் முடிகிறவரை அசைய மாட்டாள். குக்கர் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை நின்றுபோனது. அந்த வாரம் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இப்படியே இருந்தால் நல்லது என்று சொன்னதாக அவள் வீட்டுக்காரர் சொன்னபோது, நான் டோக்கன் கவுண்டரில் உட்கார்ந்தே அழுதுவிட்டேன். பல்வலிக்காரர்கள் என்னைப் பார்த்து ஆறுதலாகத் தலையாட்டினார்கள்.

மண்டைக்கு ஏறிவிட்டது எனக்கு. தங்கைக்கு இதைவிட நல்ல படம், தாமதமே இல்லாத படம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ராவும் பகலும் கேப்சர் கார்டு வீடியோக்கள். முகம் தெரியாத பையன்கள் எந்த நாட்டிலிருந்தோ ஒவ்வொரு கார்டையும் பிரித்துப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே சாம்பார் தாளித்தேன். சில கார்டுகளில் வேகமான ரகம் என்று காட்ட வாய் மட்டும் நீலமாக இருக்குமாம், உள்ளே பழைய சரக்காம். சிலவற்றில் சத்தம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் போகுமாம். கடைசியில் கணவரிடம் சொல்லாமல், கீழக்கரைக்காரரிடம் தனியாகப் போய், அன்று தராசில் தொங்கிய அதே பெரிய பெட்டியை வாங்கி வந்தேன். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டதால் படுக்கையறை மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன்.

இந்த இடத்தில் எங்கள் கட்டிலுக்குக் கீழே இருக்கும் ஊர்ப்பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே பாதி வீடுகளில் அப்படி ஒரு பெட்டி உண்டு. வருஷம் முழுக்க அதில் ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். தைலம், பாதாம், குங்குமப்பூ, சென்ட் பாட்டில், யாருக்கென்றே தெரியாத டார்ச் லைட். தெரிந்தவர் யாராவது லீவில் போனால், அவர் பெட்டியில் கொஞ்சம் இடம் கேட்டு, அதிலிருந்து அள்ளிக் கொடுத்தனுப்புவோம். சீல் பிரிக்காத பெட்டி எது கண்ணில் பட்டாலும் என் கணவரின் கை தானாக அதை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே போடும். அதற்கு அவருடைய மூளை தேவைப்படாது. அன்று மத்தியானம் அவர் கடை டிரைவர் ஒருவர், என் மாமியாரும் இருக்கிற மன்னார்குடிக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் வந்து மேஜையைப் பார்த்தேன். பிறகு கணவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் மெதுவாக ஒரு விமானம் புறப்படுவது தெரிந்தது.

“அந்தப் பெட்டி... நம்ம அம்மாவுக்குன்னு வாங்கலியா நீ?”

“உங்கம்மா எந்தப் பேயோட சண்ட போடறாங்க?”

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாமியாரே கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“ஏம்மா, கொசு மெஷினு கெடச்சுதும்மா! எப்படிம்மா தெரிஞ்சுது ஒனக்கு, நான் கொசுக்கடியில கெடந்து அவதிப்படறது?”

“கொசு மெஷினா அத்த?”

“அதாம்மா, கருப்பா, சோப்பு டப்பா மாதிரி. போன் சார்ஜர் வயர்ல மாட்டுனேன். பச்ச லைட்டு எரியுது. ராத்திரி பூரா தலமாட்டுல வச்சுட்டேன். ஒரு கொசு இல்லம்மா! பக்கத்து வீட்டுல எல்லாம் கேக்கறாங்க, இது எங்க கெடைக்கும்னு.”

பக்கத்தில் நின்ற கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “நல்லா இருக்கட்டும் அத்த” என்றேன். போனை வைத்துவிட்டு இரண்டு பேரும் சோபாவில் விழுந்து சிரித்தோம். அதோடு சமாதானமும் ஆகிவிட்டது. உலகத்திலேயே உயர்ந்த படத் தரத்தில் மன்னார்குடிக் கொசுக்கள் துரத்தப்படுகின்றன என்று தங்கையிடம் சொன்னபோது, அவள் கொஞ்ச நேரம் மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டாள்.

ஆக, மறுபடி பேனா மூடிதான். அப்போதுதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. மாளிகையில் அறைகள் குறைந்துகொண்டே வந்தன. அவளுக்கோ இன்னும் வாரங்கள் கிடந்தன. ஆட்டம் முடிந்துவிட்டால் என்ன செய்வாள்? எழுந்து குக்கரைப் பார்க்கப் போவாள். வேறு விளையாட்டு வாங்கலாம்தான். ஆனால் எனக்குள் ஒரு பைத்தியக்காரத்தனம் புகுந்துகொண்டது. இந்த மாளிகை முடியாதவரைக்கும் பிள்ளை உள்ளே பத்திரமாக இருக்கும் என்று மனசு எப்படியோ முடிச்சுப் போட்டுக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், சொன்னதாலேயே பலிக்காமலும் போகலாம்.

அதனால் சாக ஆரம்பித்தேன். தாண்ட வேண்டிய இடத்தில் நின்றேன். ஓட வேண்டிய இடத்தில் விளக்கைத் துடைத்தேன். கரண்டிக்கு நேராகத் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“என்னக்கா நீ!”

“என்னடி பண்ண? கார்டு லேட்டு. எனக்கே படம் அப்புறம்தான் வருது.”

“ஆமாக்கா, மட்டமான கார்டு” என்று அவளும் ஒத்துக்கொண்டாள். “எனக்கும் பாரு, விடுகத எழுத்தே தெரியல. மங்கலா இருக்கு. இரு, யோசிக்கிறேன்.” யோசிப்பாள், யோசிப்பாள், சாயங்காலம் முழுக்க யோசிப்பாள். மட்டமான கார்டு என்பதால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்தப் பேனா மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போது பார்த்து என் கணவருக்குக் குற்ற உணர்ச்சி முற்றிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை, முகமெல்லாம் பல்லாக, முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார். அதே பெரிய பெட்டி. எனக்குத் தெரியாமல் போய் வாங்கியிருக்கிறார், தராசில் கூட மாட்டவில்லை.

“யாருங்க உங்கள இத வாங்கச் சொன்னது?” என்றேன். அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. காரணத்தையும் சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவர் ஏற்கெனவே தங்கையைக் கூப்பிட்டு, “ஒங்கக்காவுக்கு ராஜா கார்டு வாங்கியாச்சு” என்று அறிவித்திருந்தார். அவரே எல்லா வயரையும் மாட்டினார். சீலைப் பிரித்தவர் பிளாஸ்டிக் உறையை மட்டும் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

படம் வந்தது. அடடா, என்ன படம்! டிவியில் என் விரலோடு விரலாக அரிக்கேன்காரி நடந்தாள். சுவரில் சுண்ணாம்பு உரிந்திருப்பது தெரிந்தது. பேயின் கரண்டியில் ஒட்டியிருந்த சோறு தெரிந்தது. கோபாரில் அவள், “ஐயோ அக்கா, கண்ணாடி மாதிரி இருக்கு” என்றாள். குரலில் துள்ளல் இல்லை. நான் பள்ளத்துக்குப் பக்கத்தில் போய், பழக்க தோஷத்தில், தொபுக்கென்று விழுந்தேன்.



“அக்கா. இப்ப லேட்டு இல்லல்ல?”

“கை வழுக்கிடுச்சுடி.”

“ம்.”

மறுபடி போனேன். இந்தத் தடவை விழ வழியில்லாமல் தாண்டினேன். கடைசிக் கதவுக்கு முந்தின அறை. சுவரில் விடுகதை. எழுத்துகள் கடைப் பலகை மாதிரி தெளிவாக நின்றன. காலையில் நீளம், மத்தியானம் குட்டை, சாயங்காலம் மறுபடி நீளம், கூடவே வரும், கூப்பிட்டால் பேசாது, அது என்ன? எனக்கே தெரிந்துவிட்டது. என் கணவரே வாயைத் திறந்தார். நான் அவரை முறைத்து மூடவைத்தேன். எழுத்துக் கூட்டுவதற்குள் விடை சொல்கிற என் தங்கை, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னாள்:

“கஷ்டமா இருக்குக்கா. ஒட்டகமோ?”

நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

“ஒட்டகமாடி? மத்தியானம் குட்டையாவுமா ஒட்டகம்?”

லேப்டாப் மூலையில் சின்னக் கட்டத்தில் அவள் முகம் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன நாளாடி இப்படிப் பண்ற?”

“நீ எத்தன நாளா செத்துக்கிட்டு இருக்க?”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. சிரிப்புக்கு நடுவிலேயே அவள் அழ ஆரம்பித்தாள். “இது முடிஞ்சிடக் கூடாதுக்கா. முடியாம இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சு வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லல. பைத்தியக்காரின்னு நெனைப்பீங்க.”

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பைத்தியங்கள், கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து, ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே வேண்டுதலை வேண்டிக்கொண்டிருந்திருக்கின்றன. மட்டமான கார்டு அதை மறைத்து வைத்திருந்தது. என் கணவர் மூக்கைச் சிந்திக்கொண்டே, “பழசையே மாட்டிடவா?” என்று கேட்டார். இப்போது நினைத்தாலும் அந்த மனிதர் மேல் பிரியம் பொங்குகிறது.

பழசை மாட்டவில்லை. ‘நிழல்’ என்று விடை சொல்லிக் கடைசிக் கதவு வரைக்கும் போனோம். அதைத் திறக்காமல் சேவ் செய்து வைத்தோம். அதன் பிறகு சாயங்காலங்களில் பழைய அறைகளுக்குத் திரும்பிப் போய்ச் சும்மா சுற்றினோம். அவள் படுத்துக்கொண்டு, “அந்த அலமாரியத் தொற, அந்தத் திரைச்சீலை என்ன துணி பாரு” என்று வேலை வாங்குவாள். சமையல்காரப் பேயின் அடுப்படியில் நின்று, மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். பேய் எங்களை அடித்து அடித்துக் களைத்துப்போனது.

நாள் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. கோபாரிலிருந்து போன் வந்தபோது நான் கவுண்டரில் நின்று கத்திய கத்தலில், உள்ளே டாக்டர் பிடுங்கிக்கொண்டிருந்த பல்லை விட்டுவிட்டு வெளியே வந்தார். வெயிட்டிங்கில் இருந்த எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். பல் ஆஸ்பத்திரியில் லட்டு கொடுத்த ஒரே ரிசப்ஷனிஸ்ட் நானாகத்தான் இருப்பேன்.

அவள் தேறி எழுந்து உட்கார்ந்த பிறகு, ஒரு சாயங்காலம் மீட்டிங் போட்டோம். ஸ்டாக் ரிவ்யூ. கடைசிக் கதவைத் திறக்க வேண்டும். இந்தத் தடவை ரெக்கார்டும் போட்டேன், அந்த ராஜா கார்டின் முழுத் தரத்தில். அவள் பக்கத்துக் கட்டத்தில் தொட்டிலும் தெரிந்தது. தொட்டிலின் தலைமாட்டில் பச்சையாக ஒரு லைட் எரிந்தது.

“அது என்னடி?”

“ஒங்க மாமியார் குடுத்தனுப்பிச்சாங்கக்கா. இங்க பக்கத்துல தம்மாம் வர்ற ஆளு ஒருத்தர்கிட்ட. பச்சப் புள்ளய கொசு கடிக்கும், எனக்குக்கூட வேணாம், புள்ளைக்கு வைங்கன்னு.”

என் கணவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். அது என் கேப்சர் கார்டு. மன்னார்குடி போய்க் கொசு விரட்டி, கடல் தாண்டி, போன் சார்ஜரில் தொங்கிக்கொண்டு என் தங்கை மகளைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறது.

“கழட்டிடுடி, அது என்னன்னு ஒனக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“ஏசி ரூமு. கோபார்ல ஏதுடி கொசு?”

“அதான்க்கா. வேல செய்யுது பாரு” என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “இருக்கட்டும்க்கா. இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியா நடந்திருக்கு, எதையும் கழட்ட வேணாம்” என்றாள்.

கதவைத் திறந்தேன். உள்ளே என்னவோ பெரிதாக நடந்தது. வெளிச்சம் வந்தது, இசை வந்தது, சமையல்காரப் பேய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழித்துக்கொண்டு கொட்டாவி விட்டது. அந்த ரெக்கார்டிங் இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது. கண்ணாடி மாதிரியான படம், ஒரு துளி தாமதம் இல்லை. ஆனால் பேய் யார், அந்த மாளிகையில் என்னதான் நடந்தது என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அது பேசுகிற இடம் முழுக்க, “மூக்கு யாரு மாதிரிடி?”, “ஒன்ன மாதிரிதான்க்கா” என்று நாங்கள் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருக்கிறோம்.